ஆடி முடியட்டும்

ஜூன் 15, ஞாயிறு

மொட்டை மாடியில் இன்று வீட்டுச் சொந்தக்காரர்கள் கூட்டம். காய்ந்த துணியை எடுக்கப் போன என்னை நிர்மலா படிக்கட்டிலேயே மறித்து, "ஓனர்ஸ் மட்டும்தான் ஹேமா, ஒரு மணி நேரம் கழிச்சு வாயேன்" என்றாள். என் புடவையும் இரண்டு தலையணை உறைகளும் அவர்கள் தலைக்கு மேலே கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. அவை கூட்டத்தில் இருக்கலாம், நான் இருக்கக் கூடாது.

விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. எட்டு வீடு இருக்கிற எங்கள் பிருந்தா ஃபிளாட்ஸை இடித்துவிட்டு அதே மண்ணில் முப்பது வீடு கட்டப்போகிறார்கள். சாலிகிராமத்துக்கு மெட்ரோ வருவதால் உயரமாகக் கட்ட அனுமதி கிடைக்கிறதாம். எட்டு முப்பதாகும்போது, இப்போது இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும் எப்படி இடமில்லாமல் போகிறது என்று தெரியவில்லை.

சாயங்காலம் கஜேந்திரன் சார் இறங்கி வந்தார். நிர்மலாவின் கணவர், சங்கச் செயலாளர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடியில் அவர் இருக்கும் வீடும் அவருடையது, கீழே நான் இருக்கும் வீடும் அவருடையது.

"ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா."

"அது ஆடி சார். ஆடியில யாரு வீடு மாறுவா? யாரு வீடு தருவா?"

முடி வெட்டிக்கொள்ளவே பஞ்சாங்கம் பார்க்கிற மனிதர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார்.

"அதுவும் சரிதான். ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் போயிடணும். பூமி பூஜையே ஆவணியிலதான்."

எனக்கு வேண்டியது அதுதான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஹிந்தித் தேர்வு. இருபத்து மூன்று பிள்ளைகள் என்னிடம் படிக்கிறார்கள். அவர்கள் நடந்து வரும் தூரத்தில் நான் இருந்தால்தான் எனக்குச் சோறு. இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் மிஞ்சிய மைசூர்பாகை நிர்மலா ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். பில்டர் வாங்கி வந்ததாம். நம்மைத் துரத்துகிறவன் காசில் வாங்கிய இனிப்பு என்று நினைத்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. நான்கு துண்டையும் தின்று முடித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

தரகர் தண்டபாணியோடு ஐந்து வீடு பார்த்தேன். ஐந்து வீட்டிலும் ஒரே விசாரணை.

"எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. அவர் சூரத்துல வேலையா இருக்கார்."

"எப்ப எப்ப வருவாரு?"

"லீவு கிடைக்கும்போது."

பதினான்கு வருடமாக லீவு கிடைக்கவில்லை என்பதை நான் ஏன் இவர்களிடம் சொல்ல வேண்டும்?

ஒரு வீட்டில் அந்த அம்மாள் என் கழுத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். தாலி, மெட்டி இரண்டும் இருந்தன. அப்புறமும் திருப்தியில்லை. "டியூஷன்னா இருபது ஜோடி செருப்பு வாசல்ல கெடக்குமே" என்றாள். இன்னொரு வீட்டில் கக்கூஸைச் சமையல் மேடைக்குப் பின்புறமே வைத்திருக்கிறார்கள். அதற்கு இங்கே கொடுப்பதைப்போல ஒன்றரை மடங்கு வாடகை. தண்டபாணி கூசாமல், "மெட்ரோ ஏரியாம்மா, அப்படித்தான்" என்றார். ரயிலே இன்னும் ஓடவில்லை. அது வருவதற்கு முன்னால் வாடகை வந்து சேர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கால்களை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூன் 30, திங்கள்

பின் தெருவில் ஒரு வீடு பிடித்திருந்தது. கீழ்த்தளம், பெரிய கூடம், பிள்ளைகள் இரண்டு வரிசையாக உட்காரலாம். நாளைக்கு வந்து முன்பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று போனால், வேறு ஒருவர் நேற்றே மூவாயிரம் கூட்டிக் கொடுத்து முடித்துவிட்டாராம்.

மத்தியானம் நிர்மலா வந்தாள். கையில் செல்போன், அதில் அந்த வீட்டின் படம். "கட்டி முடிக்கிற வரைக்கும் வாடகையை பில்டரே குடுக்கறாரு. அதான் இவர் பேரம் பேசல. ஆடிக்கு முன்னாடி பால் காய்ச்சிடலாம்னு. உனக்கும் பக்கம்தான் ஹேமா, வந்து போ" என்றாள்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள். பில்டர் பணத்தை வைத்துக்கொண்டு தெருவில் உள்ள வாடகை வீடுகளை எல்லாம் அள்ளுகிறார்கள். ஒரு வீட்டிலிருந்து நம்மை வெளியே தள்ளிவிட்டு, நாம் போய் ஒண்டலாம் என்று பார்க்கிற இடத்திலும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். அருவருப்பு என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இன்றுதான் அது வயிற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

"கூடம் பெருசா இருக்கும்ல" என்று மட்டும் கேட்டேன்.

ஜூலை 7, திங்கள்

மாடி வீடுகள் ஆறும் காலி. கீழே நானும், எதிர்க் கதவு தேன்மொழியும்தான் மிச்சம்.

தேன்மொழி ராஜபாளையத்துப் பெண். இருபத்தாறு வயது, ஏழு மாதக் கர்ப்பம். புருஷன் அய்யனார் சினிமாவில் லைட்மேன். வெளியூர் ஷூட்டிங் என்றால் பத்து நாள், இருபது நாள் வர மாட்டான். அவள் பகலில் கதவைத் திறந்தே வைத்திருப்பாள். என் பாடத்தைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே நூறு வரை ஹிந்தியில் எண்ணத் தெரியும்.

காலி வீடுகளில் யார் யாரோ வந்து போகிறார்கள். இரண்டாம் மாடியில் பிராந்தி பாட்டிலும் அதற்குப் பக்கத்திலேயே மலமும் கிடந்தன. நானே பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். ஒரு நாற்காலியும் சாத்தி வைக்கிறேன். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறேன், அவ்வளவுதான்.

ஜூலை 13, ஞாயிறு

அய்யனார் தசரதபுரத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். ஜெயமேரி என்று ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் மாடியில் இருக்கிறார், கீழ் வீடு காலி. வாடகையும் நியாயம். பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் அந்த அம்மாள், "நல்லதாப் போச்சு, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாராம். இப்படியும் ஒரு வீட்டுக்காரி.

தேன்மொழி என்னிடம் வந்து, "அக்கா, ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி போகணும்னா நாளைக்குத்தான் தோது. செவ்வாய் ஆகாது, புதன்கிழமை இவரு ஷூட்டிங் போயிருவாரு. நாளைக்கு நாள் எப்படிக்கா?" என்று கேட்டாள். நாலெழுத்துப் படித்தவள், பெரியவள் என்று என் மேல் ஒரு மரியாதை.

நாளைக்கு உன் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்றேன். ஏழு மாதத்தில் சாமான் தூக்கி இறக்கி அலையக் கூடாது என்றேன். ஆவணி வரைக்கும் யாரும் தொட மாட்டார்கள், சார் வாக்குக் கொடுத்திருக்கிறார், ஆவணியில் நல்ல நாளாகப் பார்த்து நானே கூட வந்து பால் காய்ச்சித் தருகிறேன் என்றேன். ஒவ்வொன்றும் ஒரு பெரியவள் சொல்லக்கூடியதுதான்.

அய்யனார், "நல்ல வீடு மிஸ், கைவிட்டுப் போயிரும்" என்று முனகினான். அவள்தான் அவனை அடக்கினாள். "அக்கா நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க."

நாள்காட்டி சமையலறைக் கதவில்தான் தொங்குகிறது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. சந்திராஷ்டமம் என்று ஏதோ ஞாபகம்.

இன்று நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அம்மன் கோவில் ஒலிபெருக்கி காலை ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டது. ஒரு மாதம் நிம்மதி.

ஜூலை 21, திங்கள்

காலை எட்டு மணிக்கு லாரி வந்து நின்றது. பதினைந்து பேர் கடப்பாரை, சம்மட்டியோடு மாடிக்குப் போனார்கள். பத்து மணிக்குள் மூன்றாம் மாடியில் கதவு, ஜன்னல் ஒன்றும் இல்லை. அப்புறம் கைப்பிடிச் சுவரை இடிக்க ஆரம்பித்தார்கள்.

கஜேந்திரனுக்குப் போன் செய்தேன்.

"சார், ஆடி முடியட்டும்னு சொன்னீங்களே."

"ஆமா, சொன்னேன். பூமி பூஜை ஆவணி மூணாம் தேதி."

"இடிக்கறாங்க சார்."

"இடிக்கறதுக்கு யாராவது நாள் பார்ப்பாங்களாம்மா? அது என்ன சுப காரியமா? நல்ல காரியத்தத்தான் ஆடியில ஆரம்பிக்கக் கூடாது."

கல்யாணம், காதுகுத்து, குடி போவது எல்லாவற்றுக்கும் ஆடி ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆகாத காரியங்களுக்கெல்லாம் அந்த மாதம் திறந்தே கிடக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"நாங்க உள்ள இருக்கோமே சார்."

"இருங்க. யாரு போகச் சொன்னா? ஆவணி வரைக்கும் இருங்க, நான் பேச்சு மாற மாட்டேன். மேலேர்ந்துதானே எடுக்கறாங்க, கீழ வர நாளாகும்."

போனை வைக்கும்போது அவர் குரலில் ஒரு திருப்தி இருந்தது. வாக்கைக் காப்பாற்றுகிற மனிதரின் திருப்தி. போனைத் துடைத்துவிட்டு வைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

சாதத்தில் சிமெண்ட் தூள். தலையணையில் சிமெண்ட் தூள். பல்லைக் கடித்தால் நறநறக்கிறது.

முதல் மாடிக் கக்கூஸை உடைத்தவன் குழாயை அடைக்காமல் போய்விட்டான். என் குளியலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்து, இன்று அது சொட்ட ஆரம்பித்தது. யாருடையது என்று யோசித்தேன். கஜேந்திரன் குடும்பம் இருந்த வீடு அதற்கு நேர் மேலே. பத்து வருட வாடகை வாங்கிக்கொண்டு, போகும்போது இதையும் என் தலையில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிள்ளைகளில் ஒன்பது பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மற்றவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்கிறார்கள். சம்மட்டி அடிக்கும்போது நிறுத்தி, ஓயும்போது பாடம் சொல்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

மேல்தொட்டியை இறக்கிவிட்டார்கள். மோட்டார் இணைப்பையும் பிடுங்கியாயிற்று. என் வீட்டு மின்சாரம் கஜேந்திரன் பெயரில் இருந்தது, நேற்று அதையும் எழுதிக் கொடுத்து வெட்டிவிட்டார். கேட்டால், "பாதுகாப்புக்காகம்மா, ஷாக் அடிச்சுட்டா?" என்கிறார்.

தெருமுனைக் குழாயிலிருந்து தண்ணீர். தேன்மொழி ஒரு கையில் குடமும் ஒரு கையில் வயிறுமாக வருகிறாள். அய்யனார் காரைக்குடியில் இருக்கிறான். நான் இரண்டு தடவை அவளுக்காகவும் சேர்த்துத் தூக்கினேன். மூன்றாம் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இப்பவே தசரதபுரம் போயிரலாமே" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அய்யோ, ஆடியில எப்படிக்கா? வயித்துப் பிள்ளையோட? நீங்கதானே சொன்னீங்க. நர்ஸம்மாகிட்ட ஆவணி ஒண்ணாந்தேதி வர்றோம்னு சொல்லிட்டேன். அவங்களும் வச்சிருக்கேன்னுட்டாங்க. இன்னும் பத்தொம்பது நாள்தானே" என்றாள். அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் குடத்தோடு வாசல்படி ஏறும்போது தேன்மொழிக்கு வலி கண்டுவிட்டது. பாவாடையில் ரத்தம். நானும் இடிக்க வந்த ஆட்களில் ஒருவரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். அந்த மனிதர் மட்டும்தான் இந்த வளாகத்தில் இரண்டு மாதமாக நான் பார்த்த மனிதர்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும், தண்ணீர் தூக்குவது, மாடிப்படி ஏறுவது கூடாது என்று டாக்டர் சொன்னார். வீடு எங்கே என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு நாளை தேர்வு. மிச்சமிருந்த பதினான்கு பேரில் எட்டுப் பேர் எழுதுகிறார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தேன்மொழியின் அம்மா வேன் வைத்துக்கொண்டு வந்து ராஜபாளையத்துக்கு அழைத்துப் போய்விட்டார். சாமானை எல்லாம் அதிலேயே ஏற்றிவிட்டார்கள். அய்யனார் இனி யூனியன் ஆட்களோடு அறையில் தங்குவானாம்.

வளாகத்தில் நான் மட்டும். எதிர்க் கதவைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஓட்டை வழியாக அவள் சமையலறைச் சுவர் தெரிகிறது. கரிக்கட்டியால் ஒன்று முதல் பத்து வரை ஹிந்தியில் எழுதி வைத்திருக்கிறாள். ஏழு மட்டும் தப்பு.

ஆகஸ்ட் 9, சனி

தேன்மொழி போன் செய்தாள். நன்றாக இருக்கிறாள்.

"அக்கா, ஒரே ஒரு உதவி. நர்ஸம்மாகிட்ட நீங்க நேர்ல போயி ஒரு வார்த்தை சொல்லணும். கார்த்திகையில பிள்ளையோட வந்துருவோம், அதுவரைக்கும் வீட்டை வச்சிருக்கச் சொல்லுங்க. ரெண்டு மாச வாடகை வேணும்னாலும் இவரு குடுத்துருவாரு. நான் போன்ல சொன்னா சின்னப் பொண்ணுன்னு நினைப்பாங்க. நீங்க மிஸ். நீங்க சொன்னா மதிப்பாங்க."

சரி என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சொல்லத்தான் போனேன். இதை எழுதி வைக்க வேண்டும். சொல்வதற்காகத்தான் போனேன்.

கீழ் வீடு சுத்தமாக இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. சும்மா ஒரு நிமிடம் கையை அதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ஜெயமேரி அம்மாள் டீ கொடுத்தார். "தேன்மொழி எப்படி இருக்கா? எப்ப வர்றாளாம்?" என்றார்.

"பிரசவம் ஊர்லதான்" என்றேன்.

"அது சரி. அப்புறம் வருவால்ல?"

"முதல் பிரசவம். அஞ்சு மாசம், ஆறு மாசம் அம்மா விட மாட்டாங்க. அய்யனாருக்கும் ஊர்ப் பக்கமே ஏதாவது பாத்துக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு."

பேச்சு என்றுதான் சொன்னேன். முடிவு என்று சொல்லவில்லை. அப்படி ஒரு பேச்சு எந்தக் குடும்பத்திலும் இருக்கக்கூடியதுதான்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "பாவம், அவ்வளவு ஆசையாக் கேட்டா. சரி, எத்தனை மாசம் பூட்டி வைக்க முடியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எங்க போறீங்க?" என்று கேட்டார்.

இன்னும் கிடைக்கவில்லை என்றேன். தனியாகத்தான் இருக்கிறேன் என்றும் சொன்னேன். இரண்டு மாதத்தில் வாயைத் திறந்து நான் சொன்ன ஒரே உண்மை அது.

"அதனால என்னம்மா. நானும் தனியாத்தான் இருக்கேன். எனக்கு ஆடி, ஆவணி எல்லாம் கிடையாது. நாளைக்கே வேணும்னாலும் வாங்க."

ஆவணி ஒன்றாம் தேதி வருகிறேன் என்றேன்.

திரும்பி வரும் வழியில் கஜேந்திரன் கடைத்தெருவில் எதிரே வந்து, "வீடு கிடைச்சுதாம்மா?" என்றார். கிடைத்தது என்றேன். "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல" என்றார். இரண்டு மாதமாக அந்த மனிதரைப் பார்க்கும்போது வருகிற குமட்டல் இன்று வரவில்லை. இரண்டு பேரும் நின்று கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்தது. காலை ஆறரை மணிக்குப் பால் காய்ச்சினேன். பொங்கியது.

கூடத்துக் கூரையின் நடுவில் புதிதாக ஒரு இரும்புக் கொக்கி. சுற்றிலும் பூசிய சிமெண்ட் இன்னும் வெளிறவில்லை. ஜெயமேரி அம்மாள்தான் சொன்னார். "தேன்மொழி போன மாசம் கேட்டா, தொட்டில் கட்ட ஒரு கொக்கி மட்டும் போட்டுக் குடுங்கம்மான்னு. ஆள் வச்சுப் போட்டேன். இருக்கட்டும், எதுக்காவது உதவும்."

பாய் விரிக்க வேறு இடம் பார்த்தேன். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் அது கண்ணில் படுகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

தேன்மொழி கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்று நினைத்து, எடுத்துவிட்டேன்.

"நர்ஸம்மாகிட்ட பேசினேன்க்கா. நீங்க அங்க குடி வந்துட்டீங்களாமே."

அவள் கத்தியிருக்கலாம். கேட்டிருக்கலாம். எனக்கு அது வேண்டும்போல் இருந்தது.

"நல்லதாப் போச்சுக்கா. வெளியாளுக்குப் போயிருந்தா எனக்கு மனசே ஆறியிருக்காது. நீங்கதானே. கார்த்திகையில வந்து உங்ககூட பத்து நாள் தங்கி, பக்கத்துலயே வேற வீடு பாத்துக்கறோம். தொட்டில் கட்டவும் அங்க கொக்கி இருக்கு."

"வா" என்றேன்.

வைத்த பிறகு குளித்தேன். மறுபடியும் குளித்தேன். என்னோடு மூன்று பேர், ஒரு கைக்குழந்தை, பத்து நாள் என்பது இருபது நாளாகும். பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள்? ஜெயமேரி அம்மாள்தான் என்ன நினைப்பார்? குழந்தை அழுதால் பாடம் எப்படி நடத்துவது? நியாயமான கேள்விகள்தான் எல்லாம்.

பிறகு கண்ணாடியில் முகம் பார்த்தபோது நிர்மலாவின் முகச்சாயல் தெரிந்தது. "ஒரு மணி நேரம் கழிச்சு வாயேன்" என்று படிக்கட்டை மறித்தாளே, அந்த முகம்.

ஆகஸ்ட் 20, புதன்

எலக்ட்ரீசியன் வந்துவிட்டுப் போனார். கொக்கியில் மின்விசிறி மாட்டியாயிற்று. பிள்ளைகளுக்குக் காற்று வேண்டும்.